எந்த வேலை, எந்தக் கடன்? படிப்பு முடியும் தேதியை வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு மாணவர் இரண்டு வேலை வாய்ப்புகளோடு என் அறைக்கு வந்தார். ஒன்று, கல்லூரி நூலகத்தில் வாரம் 12 மணி நேரம் புத்தகங்களை அடுக்கும் வேலை. இன்னொன்று, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு கடையில் மாலை ஷிஃப்ட். வாரம் 24 மணி நேரம், மணிக்கான கூலியும் நூலகத்தைவிடக் கால் பங்கு கூடுதல். எதை எடுக்கலாம் என்று அவர் கேட்கவில்லை. கடை வேலையை எடுத்துக்கொண்டதாகச் சொல்லத்தான் வந்திருந்தார். கூலி அதிகம், நேரமும் அதிகம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். அந்த செமஸ்டரில் அவருக்கு மூன்று அரியர்கள் விழுந்தன. படிப்பு அரை ஆண்டு நீண்டது.

அன்று அவரை உட்காரவைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன்.

நூலகத்தில் மணிக்கு 80, கடையில் மணிக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி, விகிதம்தான் முக்கியம். கடையில் வாரத்துக்கு 2,400 வரும். ஆனால் ஆறு நாட்கள் போய்வர நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பஸ் டிக்கெட், வெளியில் சாப்பாடு என்று நாளுக்கு 70 செலவாகிறது. வாரச் செலவு 420 போக மீதி 1,980. அதற்காக அவர் கொடுத்த நேரம் 24 மணி அல்ல, 33 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 60. நூலகத்திலோ வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் எழுந்து போய் வேலை செய்துவிட்டு வரலாம். போக்குவரத்து இல்லை. மணிக்கு 80 என்றால் 80 அப்படியே கைக்கு வருகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பகுதிநேர வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியவில்லை.

கூட்டித் தொகையாகப் பார்த்தால் கடைதானே அதிகம் தருகிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். நூலகத்தின் 960-ஐவிட வாரத்துக்கு 1,020 கூடுதல். 16 வாரங்கள் கொண்ட ஒரு செமஸ்டரில் 16,320. இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். படிப்பு அரை ஆண்டு தள்ளிப்போனால் முதல் சம்பளமும் அரை ஆண்டு தள்ளிப்போகிறது. பட்டம் வாங்கிய பிறகு கிடைக்கும் முதல் வேலை அதே கடைக்கூலியை மட்டுமே தருகிறது என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், வாரம் 40 மணி, 26 வாரங்கள், மணிக்கு 100. மொத்தம் 1,04,000. கூடுதலாகச் சம்பாதித்ததைப்போல ஆறு மடங்குக்கும் மேல். நீண்ட அரையாண்டின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

அதனால் மாணவர்கள் சம்பாதிக்கும் வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இது படிப்பு முடியும் தேதியைத் தள்ளிப்போடுமா? மணிக்கு எவ்வளவு என்பது அதற்குப் பிறகு. கடனையும் இதே கேள்வியால்தான் அளக்கிறேன்.

விற்க எத்தனை மணி இருக்கிறது?

வாரத்தில் 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போகட்டும். அதைக் குறைக்கிறேன் என்று தொடங்குகிறவர்கள் இரண்டு மாதங்களில் வகுப்பில் தூங்குகிறார்கள். வகுப்பு 22 மணி, சொந்தப் படிப்பும் ஆய்வக அறிக்கைகளும் 30 மணி. குளிப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது, அங்கும் இங்கும் நடப்பது என்று நாளுக்கு நான்கு மணி வீதம் 28. மீதி 32. இதில் நண்பர்களுக்கும் வீட்டுக்கும் உடம்புக்கும் ஒரு பங்கு போனால், மனம் கெடாமல் விற்கக்கூடியது 12 முதல் 15 மணி. தேர்வு வாரங்களில் அதுவும் இல்லை.

இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவில் வேலை செய்துகொண்டே படிக்கும் மாணவர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் பொதுவாகச் சொல்வதும் இதுதான்: வாரம் 10 முதல் 15 மணி வரை, அதுவும் வளாகத்துக்குள் வேலை செய்கிறவர்களின் படிப்பு கெடுவதில்லை. 20 மணியைத் தாண்டினால் மதிப்பெண்ணும் படிப்பை முடிக்கும் வாய்ப்பும் சரிகின்றன. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல நாடுகள் விதித்திருக்கும் வரம்பும் இதை ஒட்டியே இருக்கிறது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் விசாவில் இருப்பவர் பாடக்காலத்தில் வாரம் 20 மணிதான் வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரங்களுக்கு 48 மணி. கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி. விசாவில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வரம்பை மீறி ரொக்கமாகக் கூலி வாங்கிக்கொள்ளச் சொல்லும் முதலாளியிடம் போகாதீர்கள். பிடிபட்டால் அவர் அபராதம் கட்டிவிட்டுக் கடையை நடத்துவார். உங்களுக்குப் படிப்பே போய்விடும். கூலியைக் கொடுக்காமல் அவர் ஏமாற்றினாலும் புகார் சொல்ல முடியாத நிலையில் நீங்கள் நிற்பீர்கள்.

வளாகத்துக்குள்ளா, வெளியிலா?

நூலகம், ஆய்வகம், கணினி மையம், அலுவலக உதவி, பேராசிரியரின் ஆய்வுக்குத் தரவு சேர்ப்பது. வளாக வேலைகளில் கூலி பெரும்பாலும் குறைவு. ஆனால் தேர்வு வருகிறது என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடமே தேர்வை வைத்துத்தான் இயங்குகிறது. அமெரிக்காவில் 1964-இல் வேலையோடு படிப்பு என்ற கூட்டாட்சித் திட்டம் தொடங்கியபோது அரசே மாணவர் கூலியில் ஒரு பங்கைக் கொடுக்க முன்வந்தது. கென்டக்கி மாநிலத்தில் 1855-இல் தோன்றிய பெரியா கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 1892 முதல் கல்விக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரிக்காக உழைக்கிறார். வேலையைப் படிப்புக்கு இடைஞ்சலாக அல்லாமல் அதன் ஒரு பகுதியாக வைத்தாலும் கல்லூரி நடக்கும் என்பதற்கு நூறாண்டுகளுக்கும் மேலான சான்று அது.

வளாக வேலைகளில் நான் மிகவும் மதிப்பது, பணமாக வராமல் செலவையே அழித்துவிடும் வேலைகளை. விடுதியில் ஒரு தளத்துக்குப் பொறுப்பாளராக இருந்தால் அறை வாடகை தள்ளுபடி என்று பல பல்கலைக்கழகங்களில் வழக்கம் உண்டு. நள்ளிரவில் கதவைத் தட்டுவார்கள், தண்ணீர் வரவில்லை என்பார்கள், அறைத்தோழனோடு சண்டை என்பார்கள். பொறுமை வேண்டும். ஆனால் மாணவரின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று ஒரே கையெழுத்தில் போய்விடுகிறது. முதுநிலை மாணவர்களுக்குக் கற்பித்தல் உதவியாளர் வேலையும் இப்படித்தான். கட்டணத் தள்ளுபடியோடு சேர்த்துப் பார்த்தால் வெளியில் எந்தக் கடையும் அந்த அளவு தராது. இந்த இடங்களுக்கு விளம்பரம் பெரிதாக வராது. துறை அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும், செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

வெளியில் கடை, உணவகம், கிடங்கு, விநியோகம். இவற்றைத் தாழ்வாக நினைக்கவில்லை. கூலி வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் ஒழுங்காக வரும், முன்னனுபவம் கேட்கமாட்டார்கள், மனிதர்களோடு பேசப் பழகலாம். கெடுவது ஷிஃப்டில்தான். அடுத்த வார அட்டவணை ஞாயிறு இரவில்தான் தெரியும் என்றால் உங்கள் படிப்புக்கு அட்டவணையே இருக்க முடியாது. சேரும் முன் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: அட்டவணை எத்தனை நாள் முன்பு கிடைக்கும்? தேர்வு மாதத்தில் நேரத்தைப் பாதியாகக் குறைப்பீர்களா? இரண்டாவது கேள்விக்கு முகம் சுளித்தால் அந்த இடம் மாணவர்களுக்கானது அல்ல.

செயலி வழியாக உணவும் பொருளும் கொண்டுசேர்க்கும் வேலையில் நேரம் உங்கள் கையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பணம் வருவது மழையிலும் இரவிலும் விடுமுறை நாளிலும்தான். எரிபொருள், டயர், பழுது, அபராதம் எல்லாம் உங்கள் பணம். வண்டியின் ஆயுளைத்தான் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறீர்கள், அது கணக்கில் தெரிவதில்லை. விபத்து நடந்தால் யார் பொறுப்பு, காப்பீடு உண்டா என்பதை எழுத்தில் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம். அவசரத்துக்கு இரண்டு மாதம் என்றால் சரி. நான்கு ஆண்டுப் படிப்புக்கு இதை நம்பியிருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

டியூஷனும் தனித்தொழிலும்

மாணவருக்கு முதலில் நினைவுக்கு வருவது டியூஷன். நல்ல வழிதான், ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். ஒரு மணி வகுப்புக்கு 150 தருகிறார்கள். போய்வர அரை மணி, தயாரிப்புக்கு அரை மணி. இரண்டு மணிக்கு 150, அதாவது மணிக்கு 75. அதே பாடத்தை நான்கு பேர் கொண்ட குழுவுக்குத் தலைக்கு 60 வீதம் நடத்தினால் 240, மணிக்கு 120. பிள்ளைகளின் வீட்டாருக்கும் பாதிக்கும் குறைவான கட்டணம். உங்கள் அறையிலோ இணையவழியிலோ நடத்தினால் பயண நேரமும் மிச்சம். அடுத்த குழுவுக்கு அதே பாடத்தை எடுக்கும்போது தயாரிப்பும் இல்லை. ஒருவருக்கு வகுப்பு எடுப்பதைவிடச் சிறு குழு எப்போதும் மேல் என்பது என் முடிவு. மிகவும் பின்தங்கிய பிள்ளை மட்டும் விதிவிலக்கு. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

இதில் ஒரு குழி இருக்கிறது, முதல் ஆண்டில் யாருக்கும் தெரிவதில்லை. பள்ளித் தேர்வும் உங்கள் தேர்வும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வரும். பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு வேண்டும் என்று வீட்டார் கெஞ்சும் அதே வாரத்தில் உங்கள் மேசையில் ஐந்து தாள்கள் காத்திருக்கும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே பாடத்தை முடித்துவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இணையத்தில் தனித்தொழில் செய்வதைப் பற்றி இருபுறமும் மிகைப்படுத்துகிறார்கள். மொழிபெயர்ப்பு, மெய்ப்பு பார்ப்பது, காணொளிக்கு வசன வரிகள் எழுதுவது, படத்தொகுப்பு, இணையதள வடிவமைப்பு, நிரல் எழுதுவது எல்லாவற்றுக்கும் உலகில் ஆள் தேடுகிறார்கள். ஆனால் முதல் மூன்று மாதம் பெரும்பாலும் விண்ணப்பம் போடுவதிலேயே போகும், அந்த மணிகளுக்குக் கூலி இல்லை. தளத்தின் தரகு ஒரு பங்கு, பணமாற்றுக் கட்டணம் ஒரு பங்கு. எழுதித்தரும் மென்பொருள்கள் வந்தபின் எளிய எழுத்து வேலைக்கு நெருக்கடி கூடியிருக்கிறது. நிலைத்து நிற்பது, பிழை இருந்தால் பொறுப்பேற்க ஒரு மனிதர் தேவைப்படும் வேலை. ஆகவே வீட்டு வாடகை நாளை மறுநாள் கட்ட வேண்டும் என்ற நிலையில் இதைத் தொடங்காதீர்கள். அந்த அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொள்வீர்கள், பிறகு விலையை ஏற்ற முடியாது. வேறு சிறு வருமானம் ஒன்று இருக்கும்போது, வாரம் ஐந்து மணி ஒதுக்கி, இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் நான்காம் ஆண்டில் மரம் நிழல் தரும். பாதிப் பணம் முன்பணமாக வர வேண்டும், எத்தனை முறை திருத்தம் செய்வீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டவர்கள்தான் என்னிடம் வந்து ஏமாந்ததாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர்.

பொருள் வாங்கி விற்பது, காணொளி அலைவரிசை நடத்துவது பற்றியும் கேட்கிறார்கள். பிடித்திருந்தால் செய்யுங்கள், அதை அடுத்த மாதக் கட்டணத்துக்கான வழியாக எண்ணாதீர்கள். கடன் வாங்கிச் சரக்கு வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

படிப்போடு சேர்ந்த வேலை

ஊதியத்தோடு கூடிய இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் கீழே வைத்துவிடலாம். இது மட்டும்தான் படிப்பு முடியும் தேதியைத் தள்ளாமல், படிப்புக்குப் பிறகான முதல் வேலையையும் அருகில் இழுக்கிறது. 1906-இல் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களை மாறி மாறி வகுப்பிலும் தொழிற்சாலையிலும் இருக்கவைத்ததிலிருந்து தொடங்குகிறது இந்தக் கூட்டுறவுக் கல்வி முறை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கும்போதே இதை அடித்தளமாக வைத்துக்கொண்டது. இந்த முறையில் படிப்புக் காலம் சற்று நீளலாம். ஆனால் அது தோல்வியால் நீள்வது அல்ல, இடையிடையே சம்பளம் வாங்கிக்கொண்டு நீள்வது. மென்பொருள் மாணவர்களுக்கு 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் உண்டு. நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்திருக்கும் திறந்தமூலத் திட்டம் ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை செய்து உதவித்தொகை பெறலாம். உங்கள் கல்லூரியின் பெயரைவிட நீங்கள் அனுப்பும் திட்ட வரைவுதான் அங்கே பேசும்.

ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. அனுபவம் தருகிறோம் என்பார்கள். அனுபவத்தால் வாடகை கட்ட முடியாது. வீட்டில் வசதி உள்ள பிள்ளைகள் மட்டுமே அதில் சேர முடிகிறது, பிறகு அதே அனுபவத்தைக் காட்டி முன்னே போகிறார்கள். வேறு வழியே இல்லாத துறை என்றால் ஆறு வாரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள், பாடத்திட்ட மதிப்பெண்ணாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதையும் ஒரு வேலையாகவே பார்க்கச் சொல்கிறேன். 5,000 தரும் உதவித்தொகை, பத்தில் ஒருவருக்குக் கிடைக்கும், விண்ணப்பத்துக்கு ஆறு மணி ஆகும் என்று வையுங்கள். எதிர்பார்க்கக்கூடியது 500, மணிக்கு 83. நூலக வேலைக்குச் சமம். ஆனால் இரண்டாவது விண்ணப்பத்துக்கு அதே கட்டுரையைத் திருத்தி, அதே சான்றிதழ்களை இணைத்தால் இரண்டு மணிதான். அப்போது மணிக்கு 250. மூன்றாவதுக்கு இன்னும் குறைவு. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் நிறுத்திவிடுகிறவர்கள், கடினமான ஆறு மணியைச் செய்துவிட்டு எளிதான இரண்டு மணியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அனைவரும் போட்டியிடும் பெரிய தொகையைவிட, ஒரு துறைக்கு, ஒரு ஊருக்கு, ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு என்று ஒதுக்கிய சிறு தொகைகளில் வாய்ப்பு அதிகம்.

செலவைக் குறைப்பது பற்றி நீட்டமாட்டேன், உங்களுக்குத் தெரியும். மாணவர்கள் மறந்துவிடும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அடிப்படைப் பாடங்கள் பலவற்றுக்கு நல்ல பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் பாடப்பொருள்களை இணையத்தில் திறந்துவைப்பதாக அறிவித்தது 2001-இல். அதே நாட்டின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் இலவசப் பாடநூல்களை வெளியிடுகிறது. பேராசிரியரிடம் இதை வைத்துப் படிக்கலாமா என்று கேட்டால் பலர் சரி என்பார்கள். சேமித்த 80, சம்பாதித்த 80-ஐவிடப் பெரியது. அதற்குப் பயணமும் இல்லை, வரியும் இல்லை.

வேலை அல்லாத வேலைகள்

வேலை தருவதாகச் சொல்லி முதலில் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதே பதில்தான். பொருளை விற்பதைவிட ஆளைச் சேர்ப்பதில் வருமானம் அதிகம் என்று ஒரு திட்டம் சொன்னால், கடைசியில் சேர்ந்தவரின் பணம்தான் முதலில் சேர்ந்தவருக்குப் போகிறது. நீங்கள் சேர்க்கப்போவது உங்கள் வகுப்புத் தோழர்களை. பணத்தோடு நட்பும் போகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர். கணக்கில் பணம் வரும், அதை இன்னோர் இடத்துக்கு அனுப்பிவிட்டு நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். அது பெரும்பாலும் வேறு யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம். காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவரின் வாசலில். கணக்கு முடக்கப்படும், வழக்கு வரும், பல நாடுகளில் இது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நண்பனே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

கடனை ஒப்பிடுவது

கடனே கூடாது என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். கடனுக்குக் கடன் வேறுபாடு இருக்கிறது, அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பயப்படுகிறவரும், தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறவரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள்.

குறைந்த வட்டிக் கல்விக் கடனில் படிப்பு முடியும் வரை தவணை கேட்கமாட்டார்கள். அதனால் வட்டி ஓடவில்லை என்று பொருளல்ல. ஆண்டுக்கு 10 சதவீதம், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் முதலாண்டில் வாங்கிய 100, நான்கு ஆண்டுகளில் 146 ஆகும். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது இதுதான். படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது மாதந்தோறும் கட்டிவந்தால் அந்த 100 கடைசி வரை 100 ஆகவே நிற்கும். பகுதிநேர வருமானத்தின் முதல் பங்கை நான் இதற்குத்தான் ஒதுக்கச் சொல்வேன். ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்ததுபோல, சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால் மட்டும் பிடித்துக்கொள்ளும் கடன் உங்கள் நாட்டில் இருந்தால், வேலை கிடைக்காத காலத்தின் பயம் பெருமளவு போய்விடும். அதையே முதலில் பாருங்கள்.

உறவினரிடமோ நண்பரிடமோ வாங்கும் கைமாற்று. வட்டி இருக்காது. ஆனால் தேதி சொல்லாமல் வாங்காதீர்கள். எந்தத் தேதியில் எவ்வளவு என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் கொடுங்கள். அந்தத் தாள் அவருடைய தூக்கத்துக்கானது.

கிரெடிட் கார்டில் மாதம் 3 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஆண்டுக்கு அது 36 அல்ல, வட்டிக்கு வட்டி சேர்ந்து ஏறத்தாழ 42.6 சதவீதம். ஒன்றும் கட்டாமல் விட்டால் இரண்டே ஆண்டுகளில் கடன் இரட்டிப்பாகிவிடும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறேனே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: மாதந்தோறும் பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டி, புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தால்கூட, கடன் பாதியாவதற்கே 32 மாதங்கள் ஆகும். ஏறத்தாழ ஒரு மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் நீளம். முழுத்தொகையையும் கட்ட முடியாத மாதத்தில் அந்த அட்டையை எடுக்கவே வேண்டாம்.

தவணைக்கு விற்பவர்கள் சொல்லும் வட்டியைக் கவனித்துக் கேளுங்கள். 1,200 கடன், 12 மாதத் தவணை, 12 சதவீத மாறாவட்டி (முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி வரை போடும் ‘ஃபிளாட்’ வட்டி) என்றால் மாதம் 112 கட்டுவீர்கள். ஆனால் ஆறாவது மாதத்தில் பாதிக் கடனைத் திருப்பிவிட்டீர்கள், வட்டியோ முழுக் கடனுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. குறையும் பாக்கிக்கு மட்டும் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். கைப்பேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடன் இதையும் மிஞ்சும். 100 கடன், கட்டணம் 10 முன்பே பிடித்துக்கொண்டு கையில் 90, முப்பது நாளில் 100 திருப்ப வேண்டும். வட்டியே இல்லை என்று விளம்பரம் செய்வார்கள். 90-க்கு 10 என்பது மாதம் 11 சதவீதத்துக்கு மேல். இதைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓர் ஆண்டு ஓட்டினால் 90 என்பது 319 ஆகியிருக்கும். போதாததற்கு உங்கள் தொடர்பு எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, வீட்டாருக்கும் தோழிகளுக்கும் அவமானப்படுத்தும் செய்திகளை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி மாட்டிக்கொண்ட மாணவியரிடம் நான் பேசியிருக்கிறேன். வாங்கிய தொகை சிறியதுதான். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் அவர்களை நொறுக்கியது. இதைப் படிக்கும் யாராவது அந்த நிலையில் இருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஆசிரியரிடம், அக்காவிடம், யாரிடமாவது. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல்துறையில் புகார் கொடுங்கள்.

யாருக்கு எது

முதலாண்டு மாணவருக்கு நான் முதல் செமஸ்டரில் எந்த வேலையும் சொல்வதில்லை, உதவித்தொகை விண்ணப்பங்களைத் தவிர. பாடம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதே அப்போது தெரியாது. இரண்டாம் செமஸ்டரிலிருந்து வளாக வேலை, இல்லாவிட்டால் சிறு குழு டியூஷன், வாரம் 12 மணிக்குள். இரண்டாம் ஆண்டில் உங்கள் துறைக்கு நெருக்கமான ஒரு திறமையில் தனித்தொழில் தொடங்கலாம். நீண்ட விடுமுறைகள்தான் உண்மையில் சம்பாதிக்கும் காலம். எட்டு வாரம் முழுநேரமாக உழைத்தால் ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் 20 மணி உழைப்பதற்கு ஈடாகும். படிப்பில் ஒரு கீறல்கூட விழாது. கடைசி ஆண்டில் ஊதிய இன்டர்ன்ஷிப்.

வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டிய மாணவர்கள் இருக்கிறார்கள். அப்பா படுத்த படுக்கை, தம்பியின் பள்ளிக் கட்டணம். அவர்களிடம் வாரம் 12 மணி என்று சொல்வது எளிதல்ல. வாரம் 35 மணி உழைக்கிறார்கள், கடனுக்குப் பயந்து. இவர்களுக்கு நான் நேர்மாறாகச் சொல்கிறேன். குறைந்த வட்டிக் கல்விக் கடன் கிடைக்கும் என்றால் அதை வாங்குங்கள், இரவு ஷிஃப்டை விடுங்கள். மேலே போட்ட கணக்கை மீண்டும் பாருங்கள். தள்ளிப்போகும் அரை ஆண்டின் விலை, அந்த அரை ஆண்டுக்கான வட்டியைவிட மிகப் பெரியது. கடனும் கிடைக்காது, ஷிஃப்டையும் விட முடியாது என்றால், எல்லாத் தாள்களையும் எடுத்துத் தோற்பதற்குப் பதிலாக, அனுமதி பெற்றுக் குறைந்த தாள்களோடு திட்டமிட்டு ஓர் ஆண்டு கூடுதலாகப் படிப்பது மேல். தோற்ற தாள்களுக்கு மறுதேர்வுக் கட்டணம் உண்டு. எடுக்காமல் தள்ளிவைத்த தாள்களுக்கு அது கிடையாது, சான்றிதழிலும் கறை இல்லை.

ஏற்கெனவே இரண்டு மூன்று கடன்கள் இருக்கின்றன என்றால், எல்லாவற்றுக்கும் கட்டாயத் தவணையைக் கட்டிவிட்டு, மிச்சம் வரும் ஒவ்வொரு காசையும் வட்டி அதிகமான கடனில் போடுங்கள். சிறிய கடனை முதலில் முடித்தால் மனதுக்கு நிறைவு என்பார்கள். ஆனால் செயலிக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டியில்லாக் கைமாற்றை அடைப்பது நிறைவுக்காகக் கொடுக்கும் பெரிய விலை. கைமாற்று கொடுத்தவரிடம் போய், இன்னும் மூன்று மாதம் பொறுங்கள், இதோ காரணம் என்று கணக்கைக் காட்டுங்கள். தேதி எழுதிய தாளை வாங்கிக்கொண்டு புதிய தேதி எழுதிக் கொடுங்கள்.

அந்த மாணவர் இப்போது நூலகத்தில்தான் இருக்கிறார், வாரம் 12 மணி. இரண்டு அரியர்களை முடித்துவிட்டார். மூன்றாவது தாளுக்கான தேர்வு அடுத்த மாதம். நூலகத்தில் அந்த வாரம் விடுப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டார்கள்.